மாப்பிள்ளையின் பத்தாயம்

(வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. ஐப்பசி மாதம். லிப்ட் வேலை செய்யவில்லை என்பது மாப்பிள்ளை மூச்சு வாங்குவதிலேயே தெரிகிறது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்குகிறார். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் மாமியார், சுண்டைக்காய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார்.)

மாமியார்: என்ன மாப்பிள்ளை, வீட்டில் ஏதாவது விசேஷமா? என்னிடம் சொல்லவே இல்லையே.

மாப்பிள்ளை: முன்னெச்சரிக்கை அத்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதில் நடந்துபோய் அரை லிட்டர் பாலை நூறு ரூபாய்க்கு வாங்கினேன். இந்தத் தடவை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்துவிட்டேன்.

மாமியார்: நல்ல காரியம்தான். மூட்டையில் என்ன?

மாப்பிள்ளை: கைக்குத்தல் அரிசி. 25 கிலோ.

மாமியார்: தவிட்டில் எண்ணெய் இருக்கிறது மாப்பிள்ளை. தீட்டிய அரிசி வருஷக்கணக்கில் கிடக்கும். இது நாலைந்து மாதத்தில் காறல் வாடை அடிக்கும்.

மாப்பிள்ளை: அதற்குள் சாப்பிட்டுவிட மாட்டோமா?

மாமியார்: போன மாதம் ஒரு கிலோ வாங்கி வந்தீர்கள். முதல் நாள் ஆசையாகச் சாப்பிட்டீர்கள். இரண்டாம் நாள்?

மாப்பிள்ளை: இரண்டாம் நாள் ஆபீஸில் வேலை அதிகம்...

மாமியார்: மீதி முக்கால் கிலோவைப் புறாவுக்குப் போட்டேன். புறாவும் இரண்டு நாள்தான் வந்தது.

மாப்பிள்ளை: சரி, அரிசியை விடுங்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். பால் பத்து பாக்கெட், பனீர், பட்டாணி, ஆறு கிலோ இட்லி மாவு. ஊசி குத்த இடமில்லை.

மாமியார்: புயல் வந்தால் கரண்ட் இருக்குமா?

மாப்பிள்ளை: எப்படி இருக்கும்? அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

மாமியார்: அப்புறம் இந்த ஃபிரிட்ஜ் எத்தனை நேரம் தாங்கும்?

மாப்பிள்ளை: அதையும் விசாரித்துவிட்டேன். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம்.

மாமியார்: திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது?

(மாப்பிள்ளை யோசிக்கிறார்.)

மாமியார்: மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் திறக்காவிட்டாலும் ராத்திரி அதுவே பொங்கிக் கதவைத் திறந்துகொண்டு வரும். பத்து கிலோ துவரம்பருப்பு எதற்கு?

மாப்பிள்ளை: பருப்பு கெடாதே!

மாமியார்: கெடாது. வண்டுக்கும் அது தெரியும். வெயிலில் காயவைத்துத்தான் டப்பாவில் போட வேண்டும்.

மாப்பிள்ளை: ஐப்பசியில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்?

மாமியார்: சித்திரையில் போயிருக்க வேண்டும். வற்றல், வடகம், மோர் மிளகாய் எல்லாம் அப்போதே முடித்துவிடுவோம். நீங்கள் சித்திரையில் ஏசி வாங்கினீர்கள். போகட்டும், வெறும் வாணலியில் லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு மூடுங்கள். ரவையும் அப்படித்தான், வறுத்து வைத்தால் வண்டு வராது.

மாப்பிள்ளை: பத்து கிலோவையும் வறுக்க வேண்டுமா?

மாமியார்: நம் வாணலி ஒரு தடவைக்கு அரைக் கிலோ கொள்ளும்.

மாப்பிள்ளை: அப்படியென்றால் இருபது தடவை!

மாமியார்: கணக்கில் கெட்டிக்காரர் என்றுதானே பெண்ணைக் கொடுத்தோம். சரி, குடிக்கத் தண்ணீர் எங்கே?

மாப்பிள்ளை: ...

(அமைதி. எந்த வீட்டிலும் தண்ணீர் கேன் நினைவுக்கு வருவது இப்படிப்பட்ட அமைதியில்தான்.)

மாமியார்: கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மாடியில் இருக்கும் டேங்க் வெறும் தொட்டி. கஜா எங்கள் ஊரில் அடித்தது 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். காலையில் வெளியே வந்தால் தோப்பில் நிமிர்ந்து நிற்க ஒரு தென்னை இல்லை. கம்பமெல்லாம் படுத்துக் கிடந்தது. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, மூன்று வாரம் கரண்ட் மட்டும் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். டேங்க் நிரப்ப ஒரு காசு, போன் சார்ஜ் போட ஒரு காசு.

மாப்பிள்ளை: மூன்று வாரம் என்னதான் சாப்பிட்டீர்கள்?

மாமியார்: ஒரே குழம்பு. புளி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். சுண்டைக்காயைப் போட்டால் சுண்டைக்காய்க் குழம்பு. மணத்தக்காளி போட்டால் அது வேறு குழம்பு. அப்பளத்தைக் கிள்ளிப் போட்டால் விருந்து. போட ஒன்றும் இல்லாத நாளில் உங்கள் மாமா, இன்றைக்கு என்ன குழம்பு என்றார். புயல் குழம்பு என்றேன். இரண்டு கரண்டி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாப்பிள்ளை: அடுப்புக்கு?

மாமியார்: ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பற்ற வைப்பேன். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டால் காலையில் அடுப்பே வேண்டாம். வெங்காயம் ஒன்று, மோர் மிளகாய் ஒன்று. நீங்கள் இதைத்தான் போன வாரம் ஓட்டலில் மண்சட்டியில் வைத்துக் கொடுத்தார்கள் என்று 180 ரூபாய் கொடுத்தீர்கள்.

மாப்பிள்ளை: அது... சட்டிக்கும் சேர்த்து அத்தை.

(பேச்சை மாற்ற, பருப்பைப் பரணில் வைக்க ஏணி போட்டு ஏறுகிறார். மேலே போனவர் வெகுநேரம் இறங்கவில்லை.)

மாப்பிள்ளை: அத்தை, இங்கே இடமே இல்லையே! பழைய டப்பாவில் ஏதோ கறுப்பாக உருண்டை உருண்டையாக இருக்கிறது.

மாமியார்: புளி. கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டு உருட்டியது.

மாப்பிள்ளை: தேனிலவுக்கு ஊட்டி கொண்டுபோன சூட்கேஸில் வசம்பு வாடை அடிக்கிறது!

மாமியார்: அது பிடி அரிசி. பூச்சி வராமலிருக்க வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டேன். உலை வைக்கும்போதெல்லாம் அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவேன். என் மாமியார் காலத்திலிருந்து வழக்கம்.

மாப்பிள்ளை: அப்படியென்றால் மூன்று மாதமாக நான் சாப்பிட்டதில் ஒரு பிடி குறைந்திருக்கிறதா? நடைப்பயிற்சியில் ஐந்து கிலோ குறைந்தேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே!

மாமியார்: சூட்கேஸில் ஒன்பது கிலோ இருக்கிறது. மீதி நான்கு உங்கள் பெண்டாட்டி குறைந்தது.

மாப்பிள்ளை: இந்தத் தந்திரத்தையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டீர்கள்?

மாமியார்: 1965இல் எனக்கு ஒன்பது வயது. நாட்டில் அரிசிப் பஞ்சம். வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை ராத்திரி ஓட்டலையே அடைத்துவிடுவார்கள். எங்கள் அப்பா தேசபக்தர். நாட்டுக்காகப் படுங்கள் என்று ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார். அப்புறம் பாட்டி பூனைபோல வந்து ஒவ்வொருவராக எழுப்பிக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போவாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு. சாஸ்திரி சாப்பாட்டைத்தானே வேண்டாம் என்றார், கிழங்கைச் சொல்லவில்லையே என்பாள்.

மாப்பிள்ளை: அப்பாவுக்குத் தெரியாதா?

மாமியார்: ஒரு திங்கட்கிழமை நான் போனபோது அவர் உப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

(மாப்பிள்ளை இறங்குகிறார். கட்டிலுக்கு அடியிலிருக்கும் பெரிய பையைக் காலால் உள்ளே தள்ளப் பார்க்கிறார்.)

மாமியார்: அதில் என்ன?

மாப்பிள்ளை: அதுவா... பிரெட்.

மாமியார்: எத்தனை?

மாப்பிள்ளை: கடையில் எப்படிக் கூட்டம் தெரியுமா அத்தை! எனக்கு முன்னால் நின்றவர் பதினைந்து பாக்கெட் எடுத்தார். மனசு கேட்கவில்லை. இருபது எடுத்துவிட்டேன்.

மாமியார்: (கண்ணாடி போட்டுக்கொண்டு) இன்னும் மூன்று நாள்தான் தேதி இருக்கிறது.

மாப்பிள்ளை: மழை நாளைக்கு வந்துவிட்டால்...

மாமியார்: மழை வந்தாலும் வராவிட்டாலும் இன்று ராத்திரி பிரெட் உப்புமா. நாளைக் காலையில் அதையே கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்து. மதியம் தூளாக்கி வடை. ஆளுக்கு ஐந்து பாக்கெட் என்றாலும் நாலு பேரால் முடியாது. வாட்ச்மேனுக்கு இரண்டு கொடுங்கள். கீழ் வீட்டில் பாவம், வயசானவர் தனியாக இருக்கிறாரே, அவருக்கு நான்கு கொடுத்துவிடலாம்.

மாப்பிள்ளை: அத்தை, பதினைந்து எடுத்தவரே அவர்தான்.

(அழைப்பு மணி அடிக்கிறது. மாப்பிள்ளை கதவுத் துளை வழியாகப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: (மெதுவாக) அவர்தான். கையில் நாலு பாக்கெட்.

மாமியார்: மின்விசிறியை நிறுத்துங்கள் மாப்பிள்ளை. நாம் ஊரில் இல்லை.