ஹியூகோ நாவல்களை ஆண்டு வரிசையில்தான் படிக்க வேண்டும்

ஹியூகோ விருது பெற்ற அறிவியல் புனைகதை நாவல்களை 1953-இல் தொடங்கி ஆண்டு வரிசையிலேயே படித்து வருகிறேன். "அத்தனையும் எதற்கு? நல்லதாக நாலைந்து சொல்லுங்கள், போதும்" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நாலைந்தைப் பொறுக்கி எடுத்துப் படித்தால் நாலைந்து நல்ல நாவல்கள் படித்த நிறைவு கிடைக்கும், அவ்வளவுதான். அந்த நாவல்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை காதில் விழாது. எனக்கு அந்தச் சண்டைதான் முக்கியம்.

தஞ்சைப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. ஒரு கட்சியின் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தவர் லாவணி கேட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஹியூகோ பட்டியலும் அப்படிப்பட்டதுதான். இந்த விருதுக்கு நடுவர் குழு கிடையாது. ஆண்டுதோறும் கூடும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது பணம் கட்டிச் சேர்ந்த வாசகர்கள், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் ஒன்றுக்கொன்று ஒத்தே போகாத நாவல்கள் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன.

1960-இல் விருது பெற்றது ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பயின்று அதிகாரியாகி, காசநோயால் பணியிலிருந்து விலக நேர்ந்தவர் அவர். கதையில் ஜானி ரிக்கோ என்ற இளைஞன் பள்ளி முடித்ததும் படையில் சேருகிறான். இயந்திரக் கவசம் அணிந்து விண்ணிலிருந்து குதித்துப் பூச்சியினத்து எதிரிகளோடு போரிடுகிறான். அந்த உலகில் அரசுத் தொண்டை முடித்து வெளியே வந்தவர்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை. ஆனால் நாவலின் உயிர் போர்க்களத்தில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. முன்னாள் படைவீரரான ஆசிரியர் துபுவா பாடம் நடத்துகிறார். வன்முறையால் எதுவும் தீராது என்று தன் அம்மா சொல்வதாக ஒரு மாணவி எழுந்து சொல்கிறாள். ரோமானியர்கள் போரில் அழித்த கார்த்தேஜ் நகரத்துப் பெரியவர்களிடம் போய் அதைச் சொல் என்கிற ரீதியில் அவர் அவளை மட்டம் தட்டி உட்கார வைத்துவிடுகிறார். அதற்கு மேல் அவளுக்குப் பேச இடமில்லை. படித்துக்கொண்டிருந்த எனக்கு ஆத்திரமாக வந்தது. கார்த்தேஜ் அழிந்தது உண்மைதான். அதை அழித்தவர்கள் அதற்குப் பின் நிம்மதியாக இருந்தார்களா என்று கேட்க அந்த வகுப்பில் ஒருவரும் இல்லையே!

அந்த மாணவிக்காகப் பேச ஓர் ஆள் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. இடையில் வியட்நாம் போர். 1968 ஜூன் மாத 'கேலக்ஸி' இதழில் இரண்டு விளம்பரங்கள் வெளிவந்தன. ஒன்றில் அமெரிக்கா வியட்நாமில் தொடர்ந்து நிற்க வேண்டும் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் பெயர்கள், மற்றொன்றில் போரை எதிர்த்தவர்களின் பெயர்கள். ஹைன்லைனும் லாரி நிவனும் முதல் பட்டியலில். அசிமோவ், பிராட்பரி, பிலிப் கே. டிக், அர்சுலா லெ குவின் எல்லோரும் இரண்டாவதில். இரண்டிலும் ஹியூகோ வாங்கியவர்கள் இருந்தார்கள், வாங்கப்போகிறவர்களும் இருந்தார்கள்.

இயற்பியலும் வானியலும் படித்துவிட்டு, கட்டாய ராணுவச் சேவையில் வியட்நாம் போய், அங்கே படுகாயமடைந்து திரும்பிய ஓர் இளைஞர் எழுதியதுதான் 'தி ஃபாரெவர் வார்'. அவர் ஜோ ஹால்டமன். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகே அந்த நாவல் 1974-இல் புத்தகமாயிற்று. இதிலும் இயந்திரக் கவசம் உண்டு, விண்வெளிக் காலாட்படை உண்டு, புரியாத எதிரி உண்டு. ஹைன்லைனின் சாமான்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஐன்ஸ்டைனை மட்டும் கூடவே அழைத்து வருகிறார் ஹால்டமன். கப்பல்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் போவதால், போர்வீரனுக்குச் சில மாதங்கள் கழியும் நேரத்தில் பூமியில் பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. 1997-இல் பயிற்சி பெறும் கதாநாயகன் மாண்டெல்லா முதல் சுற்றுப் போர் முடிந்து ஊர் திரும்பும்போது 2024. அவன் விட்டுப்போன ஊர் அங்கே இல்லை. ஒட்டவே முடியாமல் அவனும் காதலி மேரிகேயும் மறுபடி படையிலேயே சேருகிறார்கள். பயிற்சியாளர் பதவி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, கையோடு போர்முனைக்கு மாற்றல் உத்தரவு தருகிறார்கள். இந்த இடம் இரண்டே பக்கம்தான். ஒரு ராணுவ நிர்வாகம் மனிதனை எப்படி நடத்தும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரத்தை நான் படித்ததில்லை. 1143 ஆண்டுகள் நீளும் அந்தப் போர் கடைசியில் ஏன் நடந்தது என்று தெரியவரும் பக்கத்தைச் சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்.

இந்த நாவலுக்கு 1976-இல் கான்சஸ் சிட்டி மாநாட்டில் ஹியூகோ கொடுத்தார்கள். அந்த மாநாட்டின் சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? ராபர்ட் ஹைன்லைன். பட்டியலை வரிசையாகப் படித்துவந்தவருக்கு இந்தச் செய்தி தரும் சிலிர்ப்பு, 'தி ஃபாரெவர் வார்' ஒன்றை மட்டும் படித்தவருக்குக் கிடைக்காது.

வாதம் அங்கேயும் முடியவில்லை. 1986-இல் ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்'. பயிற்சி விளையாட்டு என்று நம்பி ஒரு சிறுவன் ஓர் இனத்தையே அழித்துவிடுகிறான். அடுத்த ஆண்டே அதன் தொடர்ச்சிக்கும் விருது, அது முழுக்க அவன் சுமக்கும் பழியைப் பற்றியது. பிறகு 2024-இல் எமிலி டெஷ் எழுதிய 'சம் டெஸ்பரேட் குளோரி'. பூமி அழிந்துபோக, மிஞ்சிய சிலர் ஒரு விண்நிலையத்தில் பழிவாங்கும் வெறியை ஊட்டிப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் கைர் என்ற பெண்தான் எல்லோரையும் மிஞ்சிய வீராங்கனை. அவளைப் போருக்கு அனுப்பாமல், பிள்ளை பெற்றுத்தரும் பிரிவுக்கு ஒதுக்குகிறார்கள். துபுவாவின் வகுப்பில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் நம்பிய பெண் இவளாகத்தான் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அறுபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு வகுப்பறைகளும் ஒன்றையொன்று பார்க்கின்றன.

வரிசையில் எல்லாம் தங்கமில்லை. 1955-இல் வென்ற மார்க் கிளிஃப்டன், ஃபிராங்க் ரைலி நாவலைப் பட்டியலிலேயே மோசமானது என்று பலரும் ஒதுக்குவார்கள். நடை சப்பென்று இருப்பது உண்மை. ஆனால் அதன் கரு அபாரமானது. பாஸி என்ற கணினி மனிதர்களுக்கு இளமையைத் திருப்பித் தரும், தங்கள் முடிவான கருத்துகளை விட்டுவிட யார் தயாரோ அவர்களுக்கு மட்டும். மெத்தப் படித்தவர்களுக்கு அது கைகூடவில்லை. மேபல் என்ற வயதான ஏழைப் பெண்ணுக்குக் கைகூடுகிறது. சிந்திக்கும் இயந்திரத்தைக் கண்டு ஊரே மிரளும் காட்சிகளை இன்றைக்குப் படித்தால் எழுபது ஆண்டு பழையவை என்று தோன்றாது.

1968-இல் வென்ற ரோஜர் ஸெலஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்' நம் வாசகர்கள் தவறவிடவே கூடாதது. வேற்றுக்கோளில் குடியேறிய கப்பலின் முதல் தலைமுறையினர் தொழில்நுட்பம் முழுவதையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு பிரம்மா, யமன், காளி என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். மறுபிறவிகூட அங்கே இயந்திரத்தால் நடப்பதுதான். உன் மனத்தைச் சோதித்து, உனக்கு அடுத்து எந்த உடல் என்று கர்மத்தின் அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். பிடிக்காதவனுக்கு நாய் உடல். காசு போட்டால் பிரார்த்தனையைக் கணக்கில் ஏற்றும் இயந்திரம் உண்டு. ஆனால் அச்சு இயந்திரத்தை மட்டும் யாராவது கண்டுபிடித்தால் உடனே அழித்துவிடுவார்கள். ஸெலஸ்னிக்கு இது புராணத்தை வைத்து ஆடிய சாகசக் கதை. பிறப்பைக் காட்டிப் படிப்பை மறுத்த வரலாறு உள்ள மண்ணில் உட்கார்ந்து படிக்கும் நமக்கு அது வெறும் சாகசமாக இருக்க முடியாது.

பட்டியலின் குறையையும் சொல்லியாக வேண்டும். வாதம் சுவையானதுதான், ஆனால் மேடையில் ஏறவிட்டவர்கள் வெகுகாலம் ஒரு சிறு கூட்டம். நாவலுக்கான ஹியூகோ ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கிடைத்தது 1970-இல்தான், லெ குவினுக்கு. மொழிபெயர்ப்பு நாவல் முதன்முறை வென்றது 2015-இல், சீனரான லியூ சிஷினுடையது. கறுப்பினத்தவர் ஒருவருக்குக் கிடைக்க 2016 ஆயிற்று. அந்த என்.கே. ஜெமிசின் வரிசையாக மூன்று ஆண்டுகள் வென்று காட்டினார். கதவைத் திறந்ததும் நாவல்களின் தரம் ஏறியது என்பது என் உறுதியான கருத்து.

தமிழுக்கு இவற்றைக் கொண்டுவர நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜோடியாகக் கொண்டு வாருங்கள். ஹால்டமனைத் தருவதென்றால் ஹைன்லைனையும் சேர்த்துத் தாருங்கள். ஹைன்லைனின் அரசியல் எனக்கு ஒவ்வாது. இருந்தும் அந்த வகுப்பறை இல்லாமல் மாண்டெல்லாவின் வலி பாதிதான் புரியும். வாசகர்கள் 1960, 1976, 1986, 2024 நாவல்களை இதே வரிசையில் படித்துப் பாருங்கள். படித்து முடித்து ஹைன்லைன் பக்கம் நிற்பவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அந்தக் கட்சியின் வாதத்தை நல்ல தமிழில் கேட்க எனக்கு மிகுந்த ஆசை.