புகை கலைந்தால் குவாரியில் இறங்கலாமா?

'வெடித்ததும் வரும் செம்பழுப்புப் புகை கலைந்துவிட்டால் இறங்கலாம், ஈரத்துண்டு கட்டினால் போதும்' என்று ஓர் ஆடியோ தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தப்பு. மீன்பிடித் தடைக்காலத்தில் குவாரி வேலைக்குப் போகும் தம்பிமார் இதை நம்பிவிடக் கூடாது.

அந்த நிறம் நைட்ரஜன் டை ஆக்சைடு. வெடிமருந்தான அமோனியம் நைட்ரேட்டோடு கலக்கும் டீசல் குறைந்தாலோ, அதை நிரப்பும் குழிக்குள் தண்ணீர் இருந்தாலோ அது அதிகம் கிளம்பும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உடைந்த கல்லிடுக்கில் தங்கிக் கசியும். ஈரத்துண்டு அதைத் துளியும் தடுக்காது. வாயுமானி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று: செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது லேசான இருமல் மட்டுமே இருக்கலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 'சரியாகிவிட்டது' என்று படுக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்.