நேபாளம் முழுவதும் இடிந்துவிடவில்லை
நிலநடுக்கம் வந்த நாட்டுக்கு ஓராண்டு சுற்றுலா போகாமலிருப்பதே நாம் செய்யும் உதவி என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் அப்போதிருந்த 75 மாவட்டங்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவை 14. மலையேற்றக்காரர்கள் போகும் லாங்டாங் கிராமம் பனிச்சரிவில் புதைந்துபோனது. அங்கே போவதைப் பற்றி அப்போது பேச்சே இல்லை. ஆனால் சுற்றுலா நகரமான பொக்காராவும் அன்னபூர்ணா மலைப்பாதையும் பெரும்பாலும் தப்பித்திருந்தன. அந்த அக்டோபரில் அந்தப் பாதையிலுள்ள காந்துருக் கிராமத்தில் நான் தங்கிய விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோய் எரிவாயு கிடைக்காத சமயம் அது. விறகடுப்பில் பருப்பும் சோறும் ஆக்கிப்போட்ட அந்த அம்மாள், “உங்கள் ஊரில் எங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?” என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். அங்கே சுமை தூக்குபவர்களுக்கு வசந்தமும் இலையுதிர்காலமும்தான் சம்பாதிக்கும் பருவங்கள். வசந்தம் நிலநடுக்கத்தோடு போயிற்று. இலையுதிர்காலத்தையும் நாம் பறித்துவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? பின்னதிர்வு வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பது நியாயமே. மே 12 அன்று 7.3 அளவில் மறுபடியும் குலுங்கியது. முதல் சில வாரங்கள் மீட்புப் பணியாளர்களுக்கே உரியவை. அதன்பின் நாட்டின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். போகவிருக்கும் மாவட்டத்தில் சாலை, மருத்துவமனை, குடிநீர் எப்படி இருக்கின்றன என்று அங்குள்ள விடுதிக்காரரிடமே தொலைபேசியில் கேளுங்கள்.