புகைப்பதை விட்டால் தற்கொலை எண்ணம் வருமா?

“நுரையீரல் நோய் முற்றியவர் சிகரெட்டை விட்டால் மனம் உடைந்து தற்கொலை வரை போவார், நிறுத்தத் தரும் மாத்திரையும் அப்படித்தான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. முதல் சில வாரங்கள் எரிச்சல், தூக்கக்கேடு இருக்கும். நிக்கோடின் ஏக்கம்தான், அடங்கிவிடும். அப்புறம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதாகவே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021 ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது; இணையத்தில் படித்துப் பார்க்கலாம். புகையை நிறுத்தத் தரும் வரெனிக்ளின் மாத்திரையின் அட்டையில் கட்டமிட்டு அச்சிட்டிருந்த கடுமையான மனநல எச்சரிக்கையை, 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனைக்குப் பின், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் நீக்கிவிட்டது. வதந்தி இன்னும் பழைய அட்டையையே பிடித்துக்கொண்டிருக்கிறது போலும்.

சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் தற்கொலை அபாயமும் கூடுதல் என்பது மட்டும் மெய். அவர்களுக்குத் தூக்க மாத்திரையும் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வலிமருந்தும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். இரண்டும் எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.