செயலி வந்தால் 2.500 கிலோ மாறிவிடுமா?
பதிவேட்டுக்குப் பதில் செயலி வந்தால் பச்சிளங்குழந்தை இறப்புக் கணக்கு (உயிரோடு பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் கணக்கு) தானாகச் சரியாகிவிடும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை, பிரசவ அறையில் 11 வருடம் செவிலியராக இருந்த என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் பழைய பிரசவப் பதிவேட்டைப் புரட்டினால் எடைக் கட்டத்தில் வரிசையாக 2.500, 2.500, நடுவில் ஒரு 3.000, மறுபடி 2.500. அதற்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை, மேலிருந்து கேள்வி வரும், அதனால் தராசில் முள் 2.400க்குப் பக்கத்தில் ஆடினாலும் கை தானாக 2.500 என்று எழுதிவிடும், நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தைக்குத்தான் கதகதப்பும் அடிக்கடி தாய்ப்பாலும் கூடுதலாக வேண்டும், ஆனால் கணக்கில் அது நல்ல எடை, யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். மேலே கருத்திட்ட ஒருவர் இதெல்லாம் செவிலியர்களின் சோம்பல் என்று எழுதியிருக்கிறார். சரி, இரவில் தனி ஆளாக இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு அதே எடையைப் பதிவேடு, கேஸ் ஷீட், பிக்மி (கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) என்று மூன்று இடத்தில் ஏற்றிப் பார்க்கட்டும். அப்புறம் இன்னொன்று, இரண்டு மூச்சு விட்டு அடங்கிய குழந்தையை 'இறந்தே பிறந்தது' என்று எழுதிவிட்டால் அது பச்சிளங்குழந்தை இறப்பிலேயே வராது, அந்தக் கட்டத்தை எந்தச் செயலி சரிபார்க்கும்?