பெயரை மாற்றினால் மட்டும் போதாது

அண்ணாச்சி, "பெயரை மாற்றி, ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போரில் தப்பியவர் கதையைப் புத்தகத்திலும் ஓவியக் கண்காட்சியிலும் தாராளமாகப் போடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பேச்சுக்கு, கோபாலசமுத்திரம் இலங்கை அகதிகள் முகாம். '1990இல் படகில் வந்தவர், தையல் வேலை, இடது கையில் ஷெல் காயம், மூன்று பெண்பிள்ளைகள்'. பெயரே வேண்டாம், முகாமில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் கண்காட்சி வைத்தால் பார்க்க வருவதும் அவர்கள்தானே? தொழிலையும் பிள்ளைகள் கணக்கையும் எடுத்துவிடுங்கள். நடந்த சம்பவத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அதுதான் சாட்சியம்.

புகைப்படத்தைப் பார்த்து வரைபவர் மச்சம், மூக்குத்தி, வாசல் கதவு வரை அப்படியே வரைந்துவிடுவார். அதையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும்.

சம்மதம் ஒரே கையெழுத்தில் முடியாது. ஒலிப்பதிவு, புத்தகம், கண்காட்சி, இணையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பிரதியை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அச்சான பின் திரும்பப் பெற வழியில்லை. பாலியல் வன்முறை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியக் குற்றவியல் சட்டம்) 72ஆம் பிரிவு இருக்கிறது: அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை.

அதற்காக எல்லாப் பெயரையும் மறைப்பதும் சரியில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தின்போது தாமிரபரணியில் இறந்த 17 பேரின் குடும்பத்தார், இறந்தவர் பெயர் வரவேண்டும் என்று கேட்டால், கட்டாயம் போடுங்கள்.