அதிபரால் அதட்ட முடியாதவர்கள்

2024 நவம்பரில் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸின் வெற்றிக்காக அபிஷேகம் நடந்தபோது, நம்மில் பலரும் பேசிக்கொண்டது ஒன்றைத்தான்: அவர் அதிபரானால் என்னவெல்லாம் செய்வார்? அதுவரை அவர் வகித்த பதவிகளில் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், அமெரிக்க அரசு எப்படி நடக்கிறது என்பது பாதி புரிந்திருக்கும்.

சட்டமியற்ற காங்கிரஸ் (செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றம்), நிர்வாகத்துக்கு அதிபர், தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் என்று மூன்று கிளைகளை ஒப்பிக்கிறோம். தவறில்லை. ஆனால் அது வாஷிங்டனின் கதை மட்டுமே. அதற்குக் கீழே 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அரசமைப்புச் சட்டம், சட்டமன்றம், உச்ச நீதிமன்றம், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர். அவற்றுக்கும் கீழே நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகள் மூவாயிரத்துக்கும் மேல், அவற்றோடு நகரங்கள், பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டங்கள். உள்ளாட்சி அமைப்புகளை மட்டும் எண்ணினால் 90,000ஐத் தாண்டும். மர்ம மரணங்களை விசாரிக்கும் கொரோனரைக்கூடப் பல கவுண்டிகளில் வாக்குச்சீட்டில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். (அவர் எதைச் சொல்லி வாக்குக் கேட்பார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) அதிபரின் கையைக் கட்டிப்போடுவதில் அந்த மூன்று கிளைகளைவிட இந்த அடுக்குகளுக்கே பங்கு அதிகம் என்பது என் வாதம்.

கமலாவின் முதல் பெரிய பதவி சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞர். நம் ஊரில் அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கும். அங்கே மக்கள் வாக்களிக்கிறார்கள். 2004 ஜனவரியில் பொறுப்பேற்றார். ஏப்ரலில் இளம் போலீஸ் அதிகாரி ஒருவர் பணியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களிலேயே, குற்றவாளிக்கு மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று கமலா அறிவித்தார். இறுதிச் சடங்கில் அவரும் அமர்ந்திருக்க, அந்நகரின் முன்னாள் மேயரும் அப்போதைய செனட்டருமான டயான் ஃபைன்ஸ்டைன், இது மரண தண்டனைக்குரிய வழக்கு என்று மேடையிலேயே சொன்னார். கூடியிருந்த போலீஸார் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே கட்சி, ஒரே ஊர், தேசிய அளவில் பெரிய தலைவர். ஆனாலும் அவரால் பேச மட்டுமே முடிந்தது. கமலா முடிவை மாற்றவில்லை. 2007இல் குற்றவாளிக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. முடிவு சரியா தவறா என்பதில் சண்டை போடலாம். அதை எடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே நான் பார்ப்பது.

இனி 2021. அதே கமலா இப்போது துணை அதிபர், செனட் சபையின் தலைவரும்கூட. சபை 50-50 என்று பிளந்து கிடந்தது. சமநிலை வந்தபோதெல்லாம் அவர் வாக்கே தீர்த்துவைத்தது. நான்கு ஆண்டுகளில் 33 முறை. வேறெந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை. இருந்தும் குறைந்தபட்ச ஊதியத்தை 15 டாலராக உயர்த்துவதில் அவர் கட்சி தோற்றது. கொரோனா நிவாரண மசோதாவோடு ஊதிய உயர்வையும் சேர்க்க விதிகளில் இடமில்லை என்று செனட்டின் விதிமுறை ஆலோசகர் சொல்லிவிட்டார். பிறகு திருத்தமாகக் கொண்டுவந்தபோது 42-58 என்று விழுந்தது. எதிர்த்தவர்களில் 8 பேர் அவருடைய அணியினரே. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009இல் நின்ற 7.25 டாலரிலேயே நின்றது. டெக்சஸில் இன்றும் அதுதான். கலிஃபோர்னியா மாநிலமோ 2024இல் 16 டாலர் ஆக்கியது. சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் பங்குக்கு 18 டாலருக்கும் மேல் கொண்டுபோனது. நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருந்தவரால் முடியாததை, அவர் அரசியல் தொடங்கிய ஊரின் நகராட்சி செய்துகாட்டியது.

அதிபருக்கும் இதே கதிதான். 2021 ஜனவரி 2 அன்று டொனால்ட் டிரம்ப், ஜார்ஜியாவில் தேர்தலை மேற்பார்வையிடும், மக்கள் தேர்ந்தெடுத்த மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். 2020 அதிபர் தேர்தலில் அங்கே அவர் தோற்ற வித்தியாசத்தைவிட ஒன்று கூடுதல்! மாநிலச் செயலரும் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கு வாக்களித்தவர். உங்கள் தரவுகள் தவறு என்று சொல்லிவிட்டார். அவரைப் பணிநீக்கம் செய்யவோ, இடம் மாற்றவோ அதிபருக்கு வழியில்லை. அங்கே தேர்தலை நடத்துவது மாநிலங்களும் கவுண்டிகளும். நம் தேர்தல் ஆணையம் போல் நாடு முழுவதற்கும் ஒன்று கிடையாது. மாநில அரசைக் கலைக்க 356 போன்ற பிரிவும் கிடையாது. 2022 உட்கட்சித் தேர்தலில் டிரம்ப் ஆதரித்த வேட்பாளரைத் தோற்கடித்து ராஃபென்ஸ்பெர்கர் திரும்பவும் பதவிக்கு வந்தார்.

இதைப் படித்துவிட்டு மாநில சுயாட்சிக்கு மாலை போடக் கிளம்பிவிட வேண்டாம். இதே அடுக்குதான் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தலைமுறை தலைமுறையாக நசுக்கியது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருந்தது, படை இல்லை. 1957இல் ஆர்கன்சா ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், ஒன்பது கறுப்பின மாணவர்கள் லிட்டில் ராக் பள்ளிக்குள் நுழையாதபடி மாநிலக் காவற்படையை நிறுத்தினார். அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பிய பிறகே அவர்களால் வகுப்பில் நிலையாக உட்கார முடிந்தது. அன்று வாஷிங்டன் தலையிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படை அனுப்புவது அபூர்வம். வாஷிங்டனின் வழக்கமான ஆயுதம் பணம். மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி வராது என்று 1984இல் சட்டம் வந்தது. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987இல் தோற்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

ஆனால் நேரடியாக உத்தரவிட முடியாது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர்கள் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொன்னபோது, மொன்டானாவின் ஷெரீப் ஒருவர் எதிர்த்து வழக்குப் போட்டார். மாநில, உள்ளூர் அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்காரர்களாக்க முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கிப் பிரியர்கள் கொண்டாடிய அதே தீர்ப்பைக் காட்டித்தான், குடியேறிகளைப் பிடித்துக் கொடுக்க எங்கள் போலீஸ் வராது என்று இடதுசாரி நகரங்கள் இன்று டிரம்ப் அரசிடம் வாதாடுகின்றன. வலதுசாரிகள் வெட்டிய கிணற்றில் இடதுசாரிகள் தண்ணீர் இறைக்கிறார்கள்!

2026 நவம்பரில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல். டிரம்புக்கு வெற்றியா தோல்வியா என்ற ஒற்றைக் கேள்வியோடு நம் விவாத மேடைகள் ஓய்ந்துவிடும். அதே நாளில் 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தலும் இருக்கிறது. ஜார்ஜியா, அரிசோனா, மிச்சிகன், நெவாடா ஆகிய மாநிலங்களில் மாநிலச் செயலர் பதவிக்கு யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிக்கப் போகிறேன். 2028இல் அடுத்த அதிபருக்கான தேர்தலைத் தங்கள் மாநிலத்தில் மேற்பார்வையிடும் பொறுப்பு அவர்களிடம் இருக்கும்.